அழுக்கைப் படித்த பிறகு துடை

அன்புள்ள தம்பிக்கு,

மிக்ஸி வேலையில் கை நன்றாகப் பழகிவிட்டது, இப்போது பழைய வாக்யூம் க்ளீனர்களும் கடைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன, அவற்றின் மோட்டாரை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உன் கடைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் யூரோக்ளீனாகத்தான் இருக்கும். 1982-இல் ஃபோர்ப்ஸும் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸைத் தொடங்கிய பிறகு, டை கட்டிய விற்பனைப் பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்கி, சோபாவிலும் மெத்தையிலும் செய்து காட்டி விற்ற இயந்திரங்கள் அவை. பல வீடுகளில் சில வருடம் ஓடிவிட்டுப் பரணுக்குப் போயிருக்கும். போகிக்கு முன்னால் வீட்டை ஒழிக்கும்போது கீழே இறங்கும், ஸ்விட்சைப் போட்டதும் புகை வாடை வரும், உன்னிடம் வந்து சேரும். மீதி, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. எதுவாக இருந்தாலும் அவற்றின் உள்ளே இருக்கும் மோட்டார் உனக்குப் புதியதில்லை. ஃபீல்டு காயில், ஆர்மேச்சர், கம்யூட்டேட்டர், இரண்டு கார்பன் பிரஷ் என்று மிக்ஸியில் நீ தினமும் பார்க்கும் அதே யுனிவர்சல் மோட்டார்தான். (மாவு அரைக்கும் கிரைண்டரில் இருப்பது வேறு வகை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதே.)

ஒரே இனம் என்றாலும் வாழ்க்கை வேறு. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி ஓய்வெடுக்கும். அதன் மோட்டாரை வடிவமைத்ததே அந்தக் கணக்கில்தான். க்ளீனர் அரை மணி, முக்கால் மணி தொடர்ந்து ஓட வேண்டும். அந்தச் சூட்டை வெளியேற்றுவது அது உறிஞ்சும் காற்றேதான். வீட்டு க்ளீனர்கள் பெரும்பாலானவற்றில் காற்று முதலில் பைக்குள் போய்த் தூசியை விட்டுவிட்டு, பிறகு ஃபேன் வழியாக நுழைந்து, ஃபீல்டு காயிலையும் ஆர்மேச்சரையும் தழுவி, கம்யூட்டேட்டரைத் தாண்டி வெளியே போகிறது. பை நன்றாக இருக்கும்வரை மோட்டாருக்குக் கிடைப்பது வடிகட்டிய காற்று. பையில் ஒரு ஓட்டை விழுந்தால் வீட்டுத் தூசி முழுக்க மோட்டாருக்குள் போகும். பை அடைத்துக்கொண்டால் காற்றே போகாது. பழைய க்ளீனர் மோட்டார்கள் வயதாகிச் சாவது அபூர்வம் என்பதே என் எண்ணம். அவை மூச்சு முட்டித்தான் சாகின்றன. ஆகவே நீ மோட்டாரைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, அது ஏன் அழுக்கானது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காரணம் அழுக்கிலேயே எழுதியிருக்கிறது. மூடியைக் கழற்றியதும் புளோயரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாயே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ஊதிய பிறகு படிக்க எதுவும் மிஞ்சாது.

ப்ளக்கைப் பிடுங்கு, மூடியைக் கழற்று, நல்ல வெளிச்சத்தில் வை, பார். ஃபேன் நுழைவாயில் கண்ணில் சாம்பல் நிறப் பஞ்சு அடர்ந்திருந்தால் பை கிழிந்திருக்கிறது, இல்லையென்றால் பையின் வாய் சரியாக உட்காரவில்லை. நம் ஊரில் காகிதப் பையைக் கொட்டிவிட்டு, ஓரத்தை ஸ்டேப்ளர் அடித்து மறுபடி போடும் சிக்கனம் உண்டு. அந்தப் பின் துளைகள் போதும். வெள்ளை மாவாகப் படிந்திருந்தால் கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார். நறநறவென்றால் கோலப்பொடி, அதாவது கல் தூள். பேரிங்குக்கும் கம்யூட்டேட்டருக்கும் அதைவிடக் கெட்டது இல்லை. வழவழவென்று இருந்தால் சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்த்தபோது பறந்த தூளாகவோ பூஜை அறை விபூதியாகவோ இருக்கலாம். அவ்வளவு மெல்லிய தூள் சாதாரணத் துணிப் பையில் நிற்காது. செம்பில் பச்சைக் களிம்பும் ஸ்பிரிங்கில் துருவும் இருந்தால் ஈரம் போயிருக்கிறது. துணிப் பையைத் துவைத்து, முழுதும் காயும் முன்பே மாட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஈரம் முழுக்க மோட்டாருக்குள்தான் உறிஞ்சப்படும். பரணில் கிடந்ததென்றால் வெளிக்காற்று வாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்று தவறாமல் பார். காய்ந்த மண்ணின் ஒரு துண்டு உள்ளே உதிர்ந்தால் ஃபேனின் அலுமினியத் தகட்டை அது வளைத்துவிடும். பிரஷ் இருக்கும் பக்கத்தில் மெல்லிய கருந்தூள் இருப்பது இயல்பு. அது கனமாகப் படிந்து, வெளிக்காற்றுச் சல்லடைவரை கருப்பாக இழுத்திருந்தால் பிரஷ் வேகமாகத் தேய்கிறது, கம்யூட்டேட்டரில் ஏதோ கோளாறு இருக்கிறது. பேரிங்கைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்த கருஞ்சேறு இருந்தால், நல்லெண்ணம் கொண்ட யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொள். வாடிக்கையாளரிடம் விளக்கும்போது பத்து வாக்கியத்தைவிட ஒரு படம் உதவும்.

எல்லா இயந்திரத்துக்கும் ஒரே காற்றுப் பாதை என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கேன்டனில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர். தூசியால் ஆஸ்துமா வாட்டிய அந்த மனிதர் ஒரு சிறு மின் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துச் செய்ததற்கு 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி வளர்த்தவர்தான் ஹூவர். அந்த வழியில் வந்த நின்றநிலை க்ளீனர்களில் தூசி முதலில் ஃபேனை அடித்துவிட்டுத்தான் பைக்குப் போகும். மோட்டாருக்குக் குளிர்காற்று தனி வழியில் வரும். அவற்றில் ஃபேன் இலைகள் அடிபட்டிருக்கும், மோட்டார் சுத்தமாக இருக்கும். 1921-இல் எலக்ட்ரோலக்ஸ் வெளியிட்ட உருளை வடிவ மாடல் V-இன் வழியில் வந்தவற்றில் ஃபேன் சுத்தமாக இருக்கும், பை கிழிந்த அன்றைக்கு மோட்டார் நாசமாகும். தண்ணீரையும் உறிஞ்சும் வெட்-அண்ட்-ட்ரை வகையில் மறுபடியும் குளிர்காற்றுக்குத் தனிப் பாதை, மோட்டாரின் தலையில் தனியாக ஒரு சிறு ஃபேன். அந்தத் தனிப் பாதையின் சல்லடையைச் சுத்தம் செய்யாமல் பெரிய ஃபேனை மட்டும் பளபளப்பாக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று விரலால் தொடர்ந்துபோய்ப் பார்த்துவிடு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வாடிக்கையாளர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகார் உன்னைக் குழப்பும்: “சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு, மோட்டார் நல்லா வேகமாத்தான் ஓடுது, ஆனா இழுக்க மாட்டேங்குது.” மோட்டார் கெட்டுவிட்டது என்று இதைக் கேட்டு முடிவு கட்டாதே. ஓடும் க்ளீனரின் ஹோஸ் வாயை உள்ளங்கையால் மூடிப் பார், சத்தம் கீச்சென்று உயரும். காற்றைத் தள்ளும் வேலை குறைந்ததால் மோட்டாருக்குச் சுமை குறைந்து வேகம் கூடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட்டும் குறைந்திருக்கும். கரண்ட் குறைந்தாலும் குளிரூட்டும் காற்று அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது என்பதால் காயில் சூடேறுகிறது. காயில் மேல் பூசிய இன்சுலேஷன் அளவுக்கு மேல் சூடேறி ஓடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது மின் இயந்திரக்காரர்களின் பழைய கணக்கு. அடைத்த பையோடு ஒரு போகி முழுக்க ஓடிய க்ளீனர் எத்தனை வருட ஆயுளை இழந்திருக்கும் என்று நினைத்துப் பார். அந்தக் கீச்சுச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள். கடையில் நுழையும் முன்பே நோய் தெரிந்துவிடும்.

இதே குணத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டு மோட்டாரை நேராக 230 வோல்ட்டில் போடாதே. சாதாரணமாகவே நிமிடத்துக்கு 20,000 சுற்றை ஒட்டி ஓடும் இனம் இது. சுமையே இல்லாமல் விட்டால் வேகம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆர்மேச்சர் காயில் வெளியே பிய்த்துக்கொண்டு வரும், கம்யூட்டேட்டர் கட்டைகள் தூக்கும். எதைப் பிரித்துச் சேர்த்தாலும் முதல் ஓட்டம் சீரிஸ் லாம்ப்பில்தான். 100 அல்லது 200 வாட் பழைய டங்ஸ்டன் பல்பு வேண்டும், எல்.இ.டி. இந்த வேலைக்கு ஆகாது. நல்ல மோட்டார் மெதுவாகச் சுற்றத் தொடங்கும், வேகம் பிடிக்கப் பிடிக்கப் பல்பு சற்று மங்கும். பல்பு பளிச்சென்று எரிந்து தண்டு அசையாமல் இருந்தால் அணைத்துவிட்டுத் தேடு. வருடக்கணக்காகப் பரணில் கிடந்ததற்கு நேரடி மின்சாரம் கொடுப்பதே கூடாது.

இனி உள்ளே போவோம். முதலில் கழற்ற வேண்டியது கார்பன் பிரஷ்தான், ஆர்மேச்சரை அது இருக்கும்போதே உருவினால் முனை உடையும். கழற்றும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று பென்சிலால் குறி. தேய்ந்த பிரஷ்ஷின் முகம் தன் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பப் படிந்திருக்கிறது, திருப்பிப் போட்டால் ஓரத்தில் மட்டும் தொட்டுப் பொறி தெறிக்கும். பிரஷ் கூட்டுக்குள் தடையில்லாமல் நழுவ வேண்டும். ஈரம் பட்ட பித்தளைக் கூட்டில் அது ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் “திடீர்னு நின்னுடுச்சு” என்று வரும் பல க்ளீனர்களின் முழு வியாதி. கூட்டைத் துடைத்து, ஸ்பிரிங் துள்ளுகிறதா என்று பார்த்தால் காசு செலவில்லாமல் ஓடும்.

கம்யூட்டேட்டரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பல மோட்டார்கள் கெட்டுப்போவது அழுக்கால் அல்ல, சுத்தம் செய்கிறேன் என்று இங்கே கை வைக்கிறவர்களால்.

நல்ல நிலையில் ஓடிய கம்யூட்டேட்டர் பளபளக்கும் செம்பு நிறத்தில் இருக்காது. சாக்லேட் பழுப்பில், மங்கலாக, ஒரே சீராக இருக்கும். செம்பின் ஆக்ஸைடும் பிரஷ்ஷின் கிராஃபைட்டும் காற்றின் ஈரமும் சேர்ந்து பல மணி நேர ஓட்டத்தில் உருவாக்கிய மெல்லிய தோல் அது. பிரஷ் செம்பின் மேல் ஓடுவதில்லை, இந்தத் தோலின் மேல்தான் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது ஜெனரேட்டர்களின் கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாக உதிர்ந்தன. மேலே காற்றில் ஈரம் இல்லை, அதனால் கிராஃபைட் வழுக்கவில்லை, தோலும் நிற்கவில்லை என்று ஆராய்ந்து கண்டுபிடித்து, பிரஷ்ஷில் வேறு சில உப்புகளைச் சேர்த்துத்தான் சமாளித்தார்கள். அவ்வளவு அருமையான தோலை, அழுக்கு என்று நினைத்து ஒரு பையன் உரசி எடுத்துவிட்டு “புதுசு மாதிரி ஆக்கிட்டேன்” என்று காட்டும்போது எனக்கு மனசு வலிக்கும். மோட்டார் தனக்காகத் தானே செய்துகொண்டதை எடுத்துவிட்டாய், தம்பி. இனி அது மறுபடி உருவாகும்வரை பிரஷ்தான் தேயும்.

ஆகவே பழுப்பு சீராக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் ஒரு துடைப்பு, அதோடு விட்டுவிடு. கருகிய வளையமோ வரிப்பள்ளமோ இருந்தால் மட்டும் மிக நைசான உப்புத்தாள், அதுவும் லேத்தில் அல்லது கையால் மெதுவாகச் சுற்றியபடி, சுற்றுக்கு ஒத்த அழுத்தத்தில். எமரி பேப்பர் கூடவே கூடாது. அதன் துகளில் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறது. அது செம்பில் புதைந்து பிரஷ்ஷை அறுக்கும், கட்டைகளுக்கு நடுவே தங்கினால் மின்சாரத்துக்குப் பாலமும் போடும். பிறகு ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் உள்ள மைக்காவைப் பார். செம்பு தேயும் வேகத்தில் மைக்கா தேயாது. அது செம்பின் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பிரஷ்ஷை ஒவ்வொரு சுற்றிலும் தட்டித் தூக்கும், பொறி அதனால்தான். பழைய ஹேக்ஸா பிளேடின் ஒரு துண்டை மெலிதாகத் தேய்த்து வைத்துக்கொண்டு, அந்த இடுக்குகளை அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டு. சுரண்டிய பிசிறுகளை வழித்துவிட்டு, கட்டைகளின் ஓரக்கூர்மையையும் எடு. பொறுமையான வேலை, கண் வலிக்கும், கூலியும் யாரும் தனியாகத் தரமாட்டார்கள். இருந்தாலும் ஒரு பழைய மோட்டாருக்கு இன்னும் பத்து வருடம் கொடுப்பது பெரும்பாலும் இந்த வேலைதான்.

பொறியையும் படிக்கக் கற்றுக்கொள். பிரஷ்ஷின் ஓரத்தில் சின்னச் சின்ன நீலப் பொறி இருந்தால் கவலை இல்லை. மஞ்சளாக வால் நீண்டு கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடினால் ஆர்மேச்சரில் கோளாறு. நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்துச் சுற்றி வா. எண் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் எகிறினால் அங்கே காயில் அறுந்திருக்கிறது, அந்த இரு கட்டைகளின் ஓரமும் பொதுவாகக் கருகியிருக்கும். சில சமயம் கம்பி கட்டையோடு சேரும் கொக்கியில் மட்டும் விட்டிருக்கும். அது ஒட்டக்கூடியது. காயிலுக்குள்ளேயே சுற்றுகள் ஒட்டிக்கொண்டதா என்பதை மீட்டர் சரியாகச் சொல்லாது, அதற்குக் கிரவுலர் வேண்டும். ஆர்மேச்சரை அதன் மேல் வைத்து ஹேக்ஸா பிளேடைப் பிடித்தபடி சுற்றினால், ஷார்ட் ஆன காடியில் பிளேடு உறுமும்.

புதுப் பிரஷ் போடுவதென்றால் அளவு மட்டும் பார்த்து வாங்காதே. கடையில் கிடைத்த மிக்ஸி பிரஷ்ஷை அரத்தால் தேய்த்து க்ளீனரில் திணிப்பது நம்மிடையே சாதாரணம். மெல்லிய செம்புப் பொடி கலந்ததும் உண்டு, பிசினில் கெட்டித்ததும் உண்டு, ஒவ்வொன்றின் கடினமும் மின்தடையும் வேறு. மென்மையான பிரஷ் தேய்ந்து தீரும், போகட்டும். கெட்டியான பிரஷ் கம்யூட்டேட்டரைத் தின்னும், அது திரும்பக் கிடைக்காது. கம்பெனி பிரஷ் கிடைக்காவிட்டால் க்ளீனருக்கென்றே விற்கும் வேறொன்றில் சற்றுப் பெரியதை வாங்கித் தேய்த்துக்கொள். கம்யூட்டேட்டரைச் சுற்றி உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே வரும்படி சுற்றி, மோட்டார் ஓடும் திசையிலேயே இழுத்து இழுத்து பிரஷ்ஷின் முகத்தை வளைவாக்கு. பிறகு தூளை முழுக்க எடுத்துவிட்டு, குறைந்த வோல்ட்டேஜில் அரை மணி ஓடவிடு. முகம் படிந்த பிறகுதான் முழு மின்சாரம்.

இப்போது காயில்களின் மேல் இருக்கும் தூசிக்கு வருகிறேன். முதலில் காய்ந்த, மெத்தென்ற பெயிண்ட் பிரஷ்ஷால் தளர்த்து. பிறகு இன்னொரு க்ளீனரை வைத்து உறிஞ்சு. கடைசியில்தான் ஊத வேண்டும், அதுவும் குறைந்த அழுத்தத்தில், வந்த வழிக்கு எதிர்த் திசையில். நேராகக் கம்ப்ரஸர் காற்றை அடித்தால் கார்பன் தூள் காயிலின் இடுக்குகளில் ஆழமாகப் போய் உட்காரும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இன்றைக்கு ஊதிவிட்டது மழைக்காலத்தில் ஈரத்தோடு சேர்ந்து பாடியில் ஷாக் கொடுக்கும். பெட்ரோல், தின்னர் இரண்டையும் மேஜைக்கு அருகிலேயே வைக்காதே. வார்னிஷ் கரையும் என்பது ஒரு காரணம். பொறி தெறிக்கும் மோட்டாருக்குள் பெட்ரோல் ஆவி இருந்தால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்சாதனங்களுக்கென்று உள்ள க்ளீனர் திரவம், முழுதும் உலர்த்திய பிறகே அடுத்த வேலை. ஈரம் குடித்த காயிலை நம் ஊர் வெயிலில் ஒரு பகல் வைத்தால் போதும், ஹீட் கன்னால் கருக்க வேண்டாம். முடித்ததும் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் இரும்புக்கும் இடையே பார். வேகம் மாற்றும் எலெக்ட்ரானிக் போர்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுக்கவே கூடாது. நன்றாகச் சுத்தமான மோட்டார் அதைவிடப் பல மடங்கு காட்டும், காட்டாவிட்டால் எங்கோ கார்பன் தங்கியிருக்கிறது.

பேரிங் விஷயத்தில் நம் வீடுகளின் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். கதவுக் கீல் முதல் சீலிங் ஃபேன் வரை அதையே விட்டுப் பழகியிருக்கிறார்கள். 24 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும், சூட்டில் பிசினாகும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிகப் பழைய மோட்டார்களில் பித்தளை போன்ற நுண்துளை உலோகப் புஷ்ஷும் அதைச் சுற்றி எண்ணெய் குடித்த ஃபெல்ட்டும் இருக்கும். அங்கே லேசான மெஷின் ஆயில் சில சொட்டு ஃபெல்ட்டில் விட்டால் போதும், வழிந்தால் கம்யூட்டேட்டருக்குப் போகும். பிறகு வந்தவற்றில் பால் பேரிங். உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர் கொண்ட 608 எண் பேரிங்கை நீ அடிக்கடி சந்திப்பாய். ஸ்கேட்டிங் சக்கரத்திலும் அதே எண்தான் இருக்கிறது என்று அதை வாங்கிப் போட்டுவிடாதே. க்ளீனரின் வேகத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ற கிரீஸ் உள்ள, பெயர் பெற்ற கம்பெனியின் பேரிங்கை வாங்கு. விலை வித்தியாசம் கொஞ்சம்தான். ஃபேன் பக்கத்துப் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் போகும். ஒன்று போனால் இரண்டையும் மாற்று. கழற்றப் புல்லர், மாட்டும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம். வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டி ஏற்றினால் குண்டுகள் பாதையில் குழி பதியும், ஓடும்போது ஊளையிடும். துருவெடுக்கும் ஸ்ப்ரேயைப் பேரிங்கில் அடித்தால் சத்தம் அன்றைக்கு அடங்கும். கிரீஸைக் கரைத்துவிட்டது என்பது அடுத்த வாரம் தெரியும். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவிட்டு விளையாடுவதும் வேண்டாம்.

ஃபேனின் நட்டு சில மோட்டார்களில் இடது மரை. வராவிட்டால் பலம் காட்டும் முன் மறுபக்கம் திருப்பிப் பார். தட்டுகளைக் கழற்றிய வரிசையிலும் கோணத்திலும் குறி போட்டுக்கொள், சமநிலை கெட்டால் அந்த வேகத்தில் ஒரு கிராம்கூடப் பெரிய அடியாகிவிடும். ஆர்மேச்சர் காயில் கட்டக் கொடுக்கும்போது இதை முக்கியமாகக் கவனி. மிக்ஸி ஆர்மேச்சரைக் கட்டிப் பழகியவர் திறமையாகவே கட்டித் தரலாம், ஆனால் பேலன்ஸ் பார்த்துத் தருகிறாரா என்று கேள். பார்க்க வசதி இல்லையென்றால் பழைய மோட்டாருக்குப் பொருந்தும் முழு மோட்டாரை வாங்கிப் போடுவதே மேல் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு.

மோட்டாரை ஒட்டியே இருக்கும் சிறு கபாசிட்டரை மறக்காதே. பழையவற்றில் காகிதத்தால் ஆனவை இருக்கும். மேலுறை வெடித்திருந்தால் ஒரு நாள் புகை கக்கும். எக்ஸ்2 என்று அச்சிட்ட, மெயின்ஸுக்கு உகந்ததையே போடு. பாடி உலோகமாக இருந்தால் எர்த் வயர் ப்ளக்வரை வந்து சேர்கிறதா என்று மீட்டரில் பார், இரண்டு பின் ப்ளக் மாட்டி யாராவது அதை அறுத்திருப்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கானது. 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இந்த மோட்டாருக்குப் பொருட்டில்லை, வோல்ட்டேஜ்தான் உயிர். 1,200 வாட் இயந்திரத்துக்கு 1,500 வி.ஏ.-வுக்குக் குறையாத டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று எழுதிக் கொடு.

“பழசு, 700 வாட்தான், இதுக்குப் போய் செலவு பண்ணணுமா” என்று கேட்பார்கள். வாட் என்பது அது குடிக்கும் மின்சாரம், இழுக்கும் பலமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வீட்டு க்ளீனர்களுக்கு 1,600 வாட் என்றும், 2017-இல் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. குறைந்த வாட்டில் நன்றாக இழுக்கும் இயந்திரங்களை அங்கே அதன்பிறகும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்க்ரூ போட்டுச் சேர்த்த, கழற்றி மாட்டக்கூடிய பழைய மோட்டார் ஒன்றைக் காப்பாற்றுவதில் இருக்கும் நியாயத்தை நீ வெட்கப்படாமல் வாதாடலாம். அதே நேரம் கம்யூட்டேட்டர் கட்டை தூக்கியிருந்தால், ஃபீல்டு காயில் கருகி இரும்புவரை இறங்கியிருந்தால், இல்லை என்று சொல்லவும் தயங்காதே. அதன் பிரஷ் கூடு, ஸ்பிரிங், ஃபேன், நட்டு எல்லாவற்றையும் கழற்றிப் பெயர் எழுதி டப்பாவில் வை. அதே மாடல் இன்னொன்று வரும்.

கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஹோஸ் திறந்தபடி முழு மின்சாரத்தில் ஓட்டிப் பார். வெளிக்காற்று வெதுவெதுப்பாக இருக்கலாம், கையைச் சுடக் கூடாது. கழற்றிய பழைய பிரஷ்களை ஒரு கவரில் தேதி எழுதி வாடிக்கையாளர் கையிலேயே கொடு. அடுத்த முறை எவ்வளவு வேகத்தில் தேய்ந்தது என்று ஒப்பிட அது உதவும். இன்னொன்று, பலர் பையும் ஹோஸும் எதற்கு என்று மோட்டார் இருக்கும் உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார்கள். போனில் பேசும்போதே எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லிவிடு, பையைக் கொட்டாமல், துவைக்காமல், இருந்தபடியே.

அன்புடன்,
உன் அண்ணன்